மாற்றிய மஜ்ஜையும் மண் தந்த மருந்தும்

பெரியகுளம் வட்டாரத்து மாந்தோப்புக்காரர்களுக்கு ஒட்டுக் கட்டுவதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாட்டு மாங்கொட்டையில் முளைத்த கன்றின் தலையை வெட்டிவிட்டு, நல்ல ரகத்து மரத்தின் குச்சியைச் சீவிச் செருகி, நாடாவால் இறுக்கிச் சுற்றிவிடுவார்கள். ஒட்டு பிடிக்கும், இல்லாவிட்டால் பட்டுப்போகும். மூன்றாவது வழி கிடையாது. மனித உடலில் ஒருவருடைய எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்லை இன்னொருவருக்குக் கொடுக்கும்போது அந்த மூன்றாவது வழியும் உண்டு. ஒட்டு நன்றாகவே பிடித்துவிடும். பிடித்த பிறகு, தன்னை ஏற்றுக்கொண்ட உடம்பையே அது தாக்கத் தொடங்கும். 'கிராஃப்ட் வெர்சஸ் ஹோஸ்ட் டிசீஸ்' என்ற இந்த நோயை மருத்துவமனைகளில் ஜிவிஹெச்டி என்று சுருக்கிச் சொல்கிறார்கள்.

ஜெயமங்கலம் போன்ற ஊரிலிருந்து ஒரு குடும்பம் தலசீமியா குழந்தையையோ ரத்தப் புற்றுநோய் வந்த வாலிபனையோ கூட்டிக்கொண்டு வேலூருக்கோ சென்னைக்கோ போகிறது. மஜ்ஜை மாற்று முடிந்து, புது ரத்த அணுக்கள் ஏறத் தொடங்கியதும் எல்லோரும் மூச்சு விடுகிறார்கள். பத்திரிகைகளில் வரும் வெற்றிக் கதைகளும் பெரும்பாலும் அந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. என் பார்வையில் கதையின் கடினமான பாதி அதற்குப் பிறகுதான் வருகிறது. அந்தப் பாதியை நடத்துவது தினமும் இரண்டு வேளை விழுங்கும் சில மாத்திரைகள்.

சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பலருக்கும் தெரிந்தது. அதில் நோயாளியின் எதிர்ப்புச் சக்தி வந்த உறுப்பை அந்நியமாகப் பார்த்துத் தாக்கும். மஜ்ஜை மாற்றில் திசை தலைகீழாகிறது. மஜ்ஜைதான் எதிர்ப்புச் சக்தியின் பிறப்பிடம். நோயாளியின் பழைய மஜ்ஜையைக் கடுமையான மருந்துகளால் அழித்துவிட்டுத்தான் புதியதை ஏற்றுகிறார்கள். ஏற்றுகிற பையில் ஸ்டெம் செல்களோடு, கொடையாளியின் முதிர்ந்த டி செல்களும் கோடிக்கணக்கில் வருகின்றன. 'இது நான், இது நானல்ல' என்று பிரித்தறிவது டி செல்லின் பிறவி வேலை. புது உடம்பில் இறங்கியதும் அதற்குத் தோல், குடல், கல்லீரல் எல்லாமே 'நானல்ல' என்று தெரிகின்றன.

1966இல் ரூபர்ட் பில்லிங்ஹாம் இதற்கு மூன்று நிபந்தனைகளை வகுத்தார். வருகிற ஒட்டில் எதிர்ப்பு வேலை செய்யும் செல்கள் இருக்க வேண்டும். ஏற்பவரின் திசுவில் ஒட்டுக்கு அந்நியமாகத் தெரியும் அடையாளம் இருக்க வேண்டும். ஏற்பவரால் அந்த ஒட்டை விரட்ட முடியாதிருக்க வேண்டும். அறுபது ஆண்டுகளாகியும் இந்த வரையறை அடிப்படையில் மாறவில்லை.

அந்நிய அடையாளம் என்பது பெரும்பாலும் எச்எல்ஏ எனப்படும் செல் மேற்பரப்புப் புரதங்கள். தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி வருவதால், உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்த நூற்றுக்கு 25 வாய்ப்பு. தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டிக்கொள்ளும் வழக்கம் உள்ள நம் குடும்பங்களில், சில சமயம் பெற்றோரோ நெருங்கிய சொந்தமோகூட முழுமையாகப் பொருந்திவிடுகிறார்கள். அதனால் உடன்பிறந்தவர் பொருந்தாதபோது குடும்ப வட்டத்தைச் சற்றுப் பெரிதாக்கித் தேடிப் பார்ப்பது இங்கே வீண்வேலை அல்ல. ஆனால் எச்எல்ஏ முழுக்கப் பொருந்தினாலும் ஆபத்து முழுக்க நீங்குவதில்லை. எச்எல்ஏவுக்கு வெளியே ஆயிரக்கணக்கான சிறு புரத வேறுபாடுகள் உண்டு. தங்கைக்கு அண்ணன் கொடுத்தாலும் அவை இருக்கும். ஒரே கருவில் பிரிந்த இரட்டையருக்கு இடையில்தான் அவை இல்லை.

தீவிர ஜிவிஹெச்டி பெரும்பாலும் முதல் நூறு நாட்களுக்குள் வருகிறது. உள்ளங்கையிலும் காது மடலிலும் அரிப்போடு சிவந்த தடிப்பு, தண்ணீராகப் போகும் வயிற்றுப்போக்கு, கண் மஞ்சளாவது ஆகிய மூன்றும் அதன் முகங்கள். நாட்பட்ட வகை பின்னால் வந்து மெல்லப் பரவும். கண்ணில் நீர் வற்றும், வாய் உலர்ந்து காரம் தாங்காது, தோல் இறுகும். நுரையீரலின் நுண்குழாய்கள் சுருங்கினால் படியேறும்போது மூச்சு வாங்கும்.

இந்தத் துறையின் தொடக்க ஆண்டுகள் துயரமானவை. அமெரிக்காவில் டொனால் தாமஸ் 1957இல் முதல் முயற்சிகளை வெளியிட்டார். அடுத்த பத்தாண்டுகளில் உலகெங்கும் செய்யப்பட்ட மாற்றுகள் ஏறக்குறைய எல்லாமே தோற்றன. பல மருத்துவர்கள் இது நடக்காத காரியம் என்று விலகிப் போனார்கள். தாமஸ் குழு சியாட்டிலில் நாய்களை வைத்து ஆய்வைத் தொடர்ந்தது. 1968இல் ராபர்ட் குட் குழுவினர் பிறவி எதிர்ப்புக் குறைபாடுள்ள ஒரு குழந்தைக்கு உடன்பிறந்தவரின் மஜ்ஜையைக் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். தாமஸுக்கு நோபல் பரிசு வந்தது 1990இல். இந்தியாவில் முதல் மஜ்ஜை மாற்று 1983இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்தது. 1986இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மேமன் சாண்டியின் குழு தலசீமியா குழந்தைக்குச் செய்தது. தமிழ்நாட்டின் கணக்கு அங்கிருந்து தொடங்குகிறது.

'இவ்வளவு தொல்லை தருகிற டி செல்களை வடிகட்டி எறிந்துவிட்டு ஸ்டெம் செல்லை மட்டும் கொடுத்தால் என்ன?' என்று வாசகர் கேட்கலாம். 1980களில் அதைத்தான் செய்து பார்த்தார்கள். ஜிவிஹெச்டி வெகுவாகக் குறைந்தது. ஆனால் ரத்தப் புற்றுநோய் திரும்பி வந்தது, சிலருக்கு ஒட்டே பிடிக்காமல் போனது. சியாட்டில் குழு 1979லேயே ஒரு குறிப்பைக் கொடுத்திருந்தது. ஜிவிஹெச்டி வந்தவர்களுக்குப் புற்றுநோய் மீண்டும் வருவது குறைவு. தோலைத் தாக்கும் அதே டி செல், ஒளிந்திருக்கும் புற்றுநோய்ச் செல்லையும் அந்நியமென்று கண்டு கொல்கிறது. நோயும் மருந்தும் ஒரே செல்லில் இருக்கின்றன. அதனால் ரத்தப் புற்றுநோயில் மருத்துவர் இந்தச் செல்களை முழுக்க அடக்க விரும்புவதில்லை. தலசீமியாவில் கொல்ல வேண்டிய புற்றுநோய் எதுவும் இல்லை, அங்கே ஜிவிஹெச்டியால் ஒரு நன்மையும் கிடையாது. ஒரே வார்டில் அடுத்தடுத்த அறையில் இருக்கும் இருவருக்கு மாத்திரையின் அளவும் நிறுத்தும் காலமும் வேறுபடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பக்கத்து அறைக்காரரோடு தன் சீட்டை ஒப்பிட்டுக் கவலைப்படுகிற குடும்பங்களுக்கு இதை யாராவது உட்கார்ந்து விளக்கிச் சொன்னால் பாதி பயம் போய்விடும்.

அடக்கும் மருந்துகளில் மூத்தது மீத்தோட்ரெக்ஸேட். அதன் பின்னால் சென்னையில் படித்த ஒருவர் இருக்கிறார். பீமவரத்தில் 1895இல் பிறந்து, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கா போனவர், பின்னாளில் லெடர்லி ஆய்வுக்கூடத்தை வழிநடத்தினார். செல் பிரிவதற்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். அதைப் போலத் தோற்றமளித்து, நொதியை ஏமாற்றி, பிரிவதைத் தடுக்கும் மருந்துகளை அவர் குழு உருவாக்கியது. அந்த வரிசையில் வந்தது மீத்தோட்ரெக்ஸேட். ரத்தப் புற்றுநோய்க்காகப் பிறந்த மருந்தைச் சியாட்டில் குழு ஜிவிஹெச்டியைத் தடுக்கக் குறைந்த அளவில் கொடுத்தது. மாற்று முடிந்த 1, 3, 6, 11ஆம் நாட்களில் போடும் அந்த ஊசி அட்டவணை இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. அந்நியத்தைக் கண்ட டி செல் வேகமாகப் பெருகத் தொடங்கும் நாட்கள் அவை. சுப்பாராவ் 1948இல் இறந்துவிட்டார். தன் மருந்தால் ஒரு மஜ்ஜை மாற்று காப்பாற்றப்படுவதை அவர் பார்க்கவில்லை. அவர் பெயரை நம் பள்ளிப் பாடநூல்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

அடுத்த மருந்துகள் மண்ணிலிருந்து வந்தவை. சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனம், விடுமுறையில் வெளியூர் போகும் ஊழியர்களை அங்கங்கே மண் எடுத்துவரச் சொல்லும் பழக்கம் வைத்திருந்தது. 1969இல் நார்வேயின் ஹார்டாங்கர்விடா பீடபூமியிலிருந்து வந்த மண்ணில் ஒரு பூஞ்சை கிடைத்தது. கிருமிக்கொல்லியாக அது அதிகம் தேறவில்லை. ஆனால் அதன் சாறு எதிர்ப்புச் செல்களை மட்டும் பொறுக்கி அடக்குவது 1972இல் தெரியவந்தது. ழான் போரெல், ஹார்ட்மன் ஸ்டேஹெலின் ஆகியோரின் ஆய்வுக்கூடத்தில் நடந்த கண்டுபிடிப்பு அது. அதுதான் சைக்ளோஸ்போரின். 1978இல் லண்டனில் ரே பவுல்ஸ் அதை ஜிவிஹெச்டிக்குப் பயன்படுத்தினார்.

சைக்ளோஸ்போரின் டி செல்லைக் கொல்வதில்லை. அந்நிய அடையாளத்தைக் கண்டதும் டி செல்லுக்குள் கால்சியம் ஏறும். கால்சிநியூரின் என்ற நொதி விழிக்கும், அது ஒரு புரதத்தைச் செல்லின் கருவுக்குள் அனுப்பும், அங்கிருந்து இன்டர்லூகின் 2 என்னும் சமிக்ஞை கிளம்பும். அந்தச் சமிக்ஞை வந்தால்தான் டி செல் பெருகும். சைக்ளோஸ்போரின் கால்சிநியூரினைக் கட்டிப்போடுகிறது. கண்டது கண்டதாகவே இருக்க, படை மட்டும் திரளாது.

ஜப்பானின் சுகுபா மலையடிவார மண்ணில் 1984இல் கண்டுபிடிக்கப்பட்ட டாக்ரோலிமஸ் வேறு புரதத்தைப் பற்றிக்கொண்டு போய் இதே நொதியைத்தான் நிறுத்துகிறது. மூன்றாவதான சிரோலிமஸின் கதை ஈஸ்டர் தீவில் தொடங்குகிறது. 1964இல் அங்கே போன ஆய்வுக்குழு கொண்டுவந்த மண்ணிலிருந்து, கனடாவின் மாண்ட்ரியலில் அயர்ஸ்ட் நிறுவன விஞ்ஞானி சுரேந்திர நாத் சேகல் அதைப் பிரித்தெடுத்தார். 1980களின் தொடக்கத்தில் நிறுவனம் அந்த ஆய்வைக் கைவிட்டது. சேகல் அந்தக் கிருமியைத் தன் வீட்டு உறைபெட்டியில் பத்திரப்படுத்திக்கொண்டு, பல ஆண்டுகள் கழித்து நிர்வாகம் மாறியதும் மீண்டும் எடுத்தார். 1999இல் அது மருந்தாக அனுமதி பெற்றது. ஒரு மனிதரின் பிடிவாதம் இல்லாவிட்டால் அந்த மருந்து குப்பைக்குப் போயிருக்கும்.

1986இல் சியாட்டிலின் ரெய்னர் ஸ்டோர்ப், 93 நோயாளிகளிடம் சைக்ளோஸ்போரினை மட்டும் கொடுப்பதையும் அதோடு மீத்தோட்ரெக்ஸேட் சேர்ப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தார். குறிப்பிடத்தக்க தீவிர ஜிவிஹெச்டி 54 விழுக்காட்டிலிருந்து 33 ஆகக் குறைந்தது. அந்த ஜோடி முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலகத் தரமாக இருந்தது.

அதை அசைத்தது பழைய, விலை மலிந்த ஒரு புற்றுநோய் மருந்து. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் மாற்று முடிந்த 3, 4ஆம் நாட்களில் சைக்ளோஃபாஸ்ஃபமைடை அதிக அளவில் கொடுத்தார்கள். கேட்டால் விபரீதமாகத் தோன்றும். இப்போதுதான் ஏற்றிய செல்களுக்கு விஷமா? ஆனால் ஸ்டெம் செல்லில் இந்த மருந்தை முறிக்கும் நொதி நிறைய இருக்கிறது, அது தப்பிவிடும். அந்த இரண்டு நாட்களில் வெறிகொண்டு பெருகிக்கொண்டிருக்கும் டி செல்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்ளும். இந்த முறையால் பாதி மட்டுமே பொருந்தும் தாயோ தந்தையோகூடக் கொடையாளியாக முடிந்தது. பொருந்திய உடன்பிறப்பு இல்லாத நம் சிறு குடும்பங்களுக்கு இது பெரிய வாசல். 2023இல் 431 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வின் முடிவு வந்தது. ஓராண்டு முடிவில் கடும் ஜிவிஹெச்டியும் இல்லாமல், புற்றுநோயும் திரும்பாமல் உயிரோடிருந்தவர்கள் இந்த முறையில் 52.7 விழுக்காடு, பழைய முறையில் 34.9.

தடுத்தும் வந்துவிட்டால் முதல் ஆயுதம் ஸ்டீராய்டுதான். ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 2 மில்லிகிராம் வரை கொடுப்பார்கள். அது கேட்காதவர்களுக்கு நெடுங்காலம் நம்பகமான வழி இருக்கவில்லை. ருக்ஸோலிடினிப் அந்த நிலையை மாற்றியது. 2020இல் வெளியான ஆய்வில், ஸ்டீராய்டுக்கு அடங்காத தீவிர ஜிவிஹெச்டி 28ஆம் நாளில் 62 விழுக்காட்டினருக்குக் கட்டுப்பட்டது. மற்றச் சிகிச்சைகளில் அது 39.

இனி ஊருக்கு வருவோம். வேலூரிலிருந்து ஜெயமங்கலத்துக்கு ஓர் இரவுப் பயணம். கையில் ஒரு கோப்பும் ஒரு பை நிறைய மாத்திரையும் இருக்கும். டாக்ரோலிமஸ் ரத்தத்தில் பொதுவாக மில்லிலிட்டருக்கு 5 முதல் 15 நானோகிராம் இருக்க வேண்டும். நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. அதற்குக் கீழே போனால் ஜிவிஹெச்டி, மேலே போனால் சிறுநீரகம் கெடும், கை நடுங்கும், ரத்த அழுத்தம் ஏறும். ரத்தம் கொடுக்கும் நாளில் காலை மாத்திரையைப் போடாமல் போய், கொடுத்தபின் போட வேண்டும். பழக்கதோஷத்தில் முன்பே விழுங்கிவிட்டால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும், அதைப் பார்த்து மருத்துவர் மருந்தைக் குறைத்துவிடக்கூடும்.

அளவைக் கலைப்பவை வீட்டுக்குள்ளும் தெருமுனை மருந்துக்கடையிலும் இருக்கின்றன. டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளைக் கல்லீரலும் குடலும் சிஒய்பி3ஏ4 என்ற நொதியால் சிதைக்கின்றன. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அந்த நொதியைப் பெருக்கி, அவற்றின் அளவைச் சரேலென வீழ்த்தும். காசநோய் மலிந்த நம் நாட்டில் இது புத்தகத்து எச்சரிக்கை மட்டுமல்ல. பூஞ்சைக்கான வோரிகோனசோல், தொண்டைவலிக்குச் சாதாரணமாக எழுதப்படும் கிளாரித்ரோமைசின் ஆகியவை நொதியைத் தடுத்து அளவை ஏற்றும். மூட்டுவலிக்கு வாங்கும் டைக்ளோஃபெனாக் ஏற்கெனவே சுமையிலிருக்கும் சிறுநீரகத்தை இன்னும் அழுத்தும். பழத்தில் ஒரு குழப்பம் நம் பக்கத்துக்கே உரியது. கம்பம் பன்னீர் திராட்சைக்கும் மருந்துத்தாளில் வரும் எச்சரிக்கைக்கும் தொடர்பில்லை. விலக்க வேண்டியது கிரேப்ஃப்ரூட் என்ற ஆரஞ்சுக் குடும்பத்துப் பழமும், அதன் நெருங்கிய இனமான பம்பளிமாசும்தான்.

எதிர்ப்பை அடக்கிய உடம்புக்கு ஊரின் சில அன்றாடங்களும் ஆபத்து. வைக்கோல் படப்பைப் பிரிக்கும்போதும் களத்தில் தூற்றும்போதும் பறக்கும் தூசியில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை வித்துகள் இருக்கும். அவை நுரையீரலில் குடியேறினால் உயிருக்கே உலை. வரப்பில் வெறுங்காலோடு நடந்தால் தோல்வழி நுழையும் ஸ்டிராங்கிலாய்டஸ் புழு, ஸ்டீராய்டு எடுப்பவர் உடலில் கட்டுக்கடங்காமல் பெருகும். உச்சி வெயில் தோலின் ஜிவிஹெச்டியைத் தூண்டிவிடும். அறுவடைக் காலத்தில் மாற்று செய்துகொண்டவரை வயல் பக்கம் அனுப்பாமல் இருப்பதும் சிகிச்சையின் பகுதிதான். சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளின் பலனும் பழைய மஜ்ஜையோடு போய்விடுவதால், மருத்துவர் சொல்லும் மாதத்தில் எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும்.

இன்னொன்றை இங்கே சொல்லியாக வேண்டும். வீட்டில் ஒருவருக்கு ரத்தம் தேவையென்றால் சித்தப்பாவும் மாமாவும் முதலில் கையை நீட்டுவது நம் வழக்கம். அந்த அன்பில் ஒரு கண்ணி இருக்கிறது. சொந்தத்துக்குள் மணம் செய்த குடும்பத்தில் ஒருவருக்கு எச்எல்ஏவின் இரு பாதிகளும் ஒன்றாகவே இருக்கலாம். அவர் ரத்தத்தை நோயாளியின் உடம்பு அந்நியமாகப் பார்க்காது, ஆனால் அந்த ரத்தத்தின் டி செல்கள் நோயாளியை அந்நியமாகப் பார்க்கும். ரத்தம் ஏற்றியதால் வரும் இந்த வகை ஜிவிஹெச்டியில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இறந்துபோகிறார்கள். தடுக்கும் வழி எளிது. ரத்தப் பையை 25 கிரே கதிர்வீச்சுக்கு உட்படுத்தினால் டி செல்கள் செயலிழக்கும். மாற்று செய்துகொண்டவருக்கு எந்த மருத்துவமனையில் ரத்தம் ஏற்றினாலும், கதிர்வீச்சு கொடுத்த ரத்தம்தானா என்று குடும்பத்தார் கேட்க வேண்டும். சொந்தக்காரர் ரத்தத்தைத் தவிர்ப்பதே நல்லது.

இவ்வளவு கட்டுப்பாடும் ஆயுள் முழுக்க அல்ல. சிறுநீரகம் மாற்றியவர் கடைசிவரை மாத்திரை போட வேண்டியிருக்கும். மஜ்ஜை மாற்றியவர்களில் பலர் சில மாதங்களிலிருந்து ஓரிரு ஆண்டுகளுக்குள் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுகிறார்கள். புது மஜ்ஜையிலிருந்து பிறக்கும் டி செல்கள் நோயாளியின் தைமஸ் சுரப்பியிலேயே வளர்ந்து, அந்த உடம்பைத் தன்னுடையதாக அறிகின்றன. தாக்கும் செல்களை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களும் கூடவே உருவாகின்றன. அந்தச் செல்கள் குறித்த கண்டுபிடிப்புகளுக்காகத்தான் ஷிமோன் சாககுச்சி, மேரி பிரங்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் கிடைத்தது.

செலவு பெரிது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மஜ்ஜை மாற்று உண்டு. தலசீமியா குழந்தைகளுக்குக் கோல் இந்தியா நிறுவனத்தின் உதவித் திட்டமும் இருக்கிறது, வேலூர் அதில் இடம்பெற்ற மருத்துவமனை. மாற்றுக்கு இப்படி வழி செய்த அரசு, பின்தொடர் சிகிச்சையையும் மாவட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். மருந்தின் ரத்த அளவைப் பார்க்கும் பரிசோதனை தேனி அரசு மருத்துவக் கல்லூரி போன்ற ஒவ்வொரு மாவட்டக் கல்லூரியிலும் இலவசமாகக் கிடைத்தால், ஒரு நானோகிராம் கணக்குக்காக யாரும் இரவுப் பேருந்து ஏற வேண்டியிருக்காது. பொருந்தும் கொடையாளிகளுக்காக 2009இல் சென்னையில் தொடங்கிய தாத்ரி பதிவகம் இருக்கிறது. 18 வயது நிரம்பிய இளைஞர்கள் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்தாலே பெயரைப் பதிந்துகொள்ளலாம்.

உங்கள் வீட்டில் மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர் இருந்தால், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்ட நேரத்திலேயே மருத்துவமனையை அழையுங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மருந்துச் சீட்டைக் காட்டாமல் கடையில் எந்த மாத்திரையும் வாங்காதீர்கள். உடம்பு தேறிவிட்டதாகத் தோன்றினாலும் மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட விடாதீர்கள்.